தான்சானியா கிராமப் பள்ளி: சின்னப் பிள்ளைகளுக்கா, ஃபார்ம் ஒன்னுக்கா?

ஆப்பிரிக்கக் கிராமத்துக்குத் தன்னார்வ ஆசிரியராகப் போக நினைப்பவர்களில் பாதிப் பேர் எடுத்த எடுப்பில் சொல்வது, "சின்னப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கணும்." எனக்கும் அந்த ஆசைதான் இருந்தது. நடுத் தான்சானியாவில் சிங்கிடாவைத் தாண்டி, சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கிராமத்துக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை மூன்று வாரம், தொடக்கப் பள்ளியில். அடுத்த தடவை ஒரு முழுக் கல்வியாண்டு, உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னில். இரண்டையும் பார்த்த பிறகு என் பதில் மாறிவிட்டது.

அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 1967-லிருந்து பயிற்றுமொழி சுவாஹிலி. கணக்கு, அறிவியல் எல்லாமே சுவாஹிலியில்தான். அந்த மொழி தெரியாமல் வகுப்பில் போய் நின்றால் பாட்டு, விளையாட்டு, நிறங்களின் ஆங்கிலப் பெயர் என்பதோடு நம் சரக்கு தீர்ந்துவிடும். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள், நமக்கும் மனசு நிறையும். ஆனால் நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்த முக்கால் மணி நேரமும் வகுப்பு ஆசிரியை கணக்குப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி கதவோரம் நின்றிருந்தார். நான் எடுத்துக்கொண்டது அவருடைய பாடவேளை. விட்டுப்போன பின்னக் கணக்கை அன்று மதியம் பசியோடு இருந்த பிள்ளைகளுக்கு அவர் அவசர அவசரமாக நடத்தி முடித்தார். அந்தக் காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஃபார்ம் ஒன் கதை வேறு. தொடக்கப் பள்ளி முடித்து ஜனவரியில் உயர்நிலைக்கு வரும் பிள்ளைக்கு ஒரே நாளில் சுவாஹிலி மொழிப் பாடம் தவிர எல்லாப் பாடமும் ஆங்கிலமாகிவிடுகிறது. முதல் வாரம் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுபது பேர், சத்தமே இல்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் பக்கத்துப் பெண்ணின் காதில் மெதுவாகச் சொன்னாள்: "பெம்பெதாத்து." பெம்பெ என்றால் கோணம், தாத்து என்றால் மூன்று. அப்படியே நம் முக்கோணம்! நாற்கோணத்துக்கு பெம்பென்னே. பின்னத்தின் மேல் எண் கியாசி, கீழ் எண் அசிலி. எல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். தெரியாதது அவற்றின் ஆங்கிலப் பெயர்கள் மட்டும்தான்.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த மௌனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரிந்த விஷயமே திடீரென்று அந்நியமாகி, வாயைத் திறக்கப் பயந்த நாட்கள் அவை. அதனால், தமிழ்வழியில் படித்தவர்கள் இந்த வேலைக்கு மற்றவர்களைவிடப் பொருத்தமானவர்கள் என்று உறுதியாக நம்புகிறேன். கணக்கோ இயற்பியலோ நடத்தத் தெரிந்தால் ஃபார்ம் ஒன், ஃபார்ம் டூ வகுப்புகளைக் கேளுங்கள். ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் பல வருடம் பாடம் நடத்தியவர், சுவாஹிலியும் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் அவருக்குத் தொடக்கப் பள்ளியே சரி.

அடுத்து, மூன்று வாரமா ஒரு வருடமா? பணம் கட்டினால் மூன்று, நான்கு வாரம் கூட்டிப்போகும் நிறுவனங்கள் நிறைய உண்டு. மூன்று வாரத்தில் பிள்ளைகளின் பெயர் மனதில் பதிவதற்குள் கிளம்பும் நாள் வந்துவிடும். ஒரு வருடம் கிடைக்காவிட்டால் ஜனவரியிலிருந்து ஜூன் விடுமுறை வரையிலான ஒரு பருவமாவது வேண்டும். ஆங்கிலத்துக்கு மாறும் பிள்ளை தடுமாறுவது அந்த மாதங்களில்தான். அதுவும் முடியாது, ஒரு மாதம்தான் லீவு என்றால், வகுப்பை ஆசிரியர்களிடமே விட்டுவிட்டு, அவர்கள் கேட்கும் அறிவியல் செய்முறைகளைத் தயார்செய்து கொடுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பாடம் நடத்துவது சட்டப்படி தவறு. ஒரு வருடத் தன்னார்வப் பணிக்கு சி வகைக் குடியிருப்பு அனுமதி வாங்க வேண்டும்.

பெட்டி நிறையக் கதைப்புத்தகமா, மூன்று மாதச் சுவாஹிலியா? சந்தேகமே வேண்டாம், சுவாஹிலி. அங்கே பாடத்திட்டமும் பாடநூலும் வெளியிடுவது தான்சானியக் கல்வி நிறுவனம். அந்தப் பாடநூல்களை தார் எஸ் சலாமில் வாங்கிக்கொள்வதே பிள்ளைகளுக்கு உதவும். சுவாஹிலி ரோமன் எழுத்தில், எழுதியபடியே படிக்கும் மொழி என்பதால் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். சாயும் சப்பாத்தியும் அங்கேயும் அதே பெயரில்தான் கிடைக்கின்றன. பெரியவர்களைக் கண்டால் "ஷிக்காமோ" என்று வணங்க வேண்டும். பிள்ளைகள் நம்மிடம் அப்படிச் சொன்னால் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மணியையும் கற்றுக்கொண்டே போங்கள். சுவாஹிலியில் நாள் விடியலில் தொடங்குகிறது. காலை ஏழு மணிக்குப் பெயர் "சா மோஜா", அதாவது மணி ஒன்று. "சா ம்பிலி" என்றால் மணி இரண்டு, நம் கடிகாரத்தில் காலை எட்டு. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பழைய கணக்குப் போலத்தான். ஆசிரியர் கூட்டம் சா ம்பிலிக்கு என்றால் எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

பிரம்புக்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். பள்ளியில் அடிப்பதற்கு அங்கே சட்டத்தில் இடம் உண்டு. நான் பிரம்பைத் தொடவில்லை. முதல் வாரமே மற்ற ஆசிரியர்களுக்கு உபதேசமும் செய்யவில்லை. அப்புறம் அவர்களே, அடிக்காமல் எழுபது பேரை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டபோதுதான் பேசினேன்.

மலேரியா வராமல் தடுக்க எடுக்கும் டாக்ஸிசைக்ளின், அடோவாகுவோன்-புரோகுவானில் இரண்டுமே தினசரி மாத்திரைகள். முன்னது விலை குறைவு, ஆனால் வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், ஊர் திரும்பியும் 4 வாரம் சாப்பிட வேண்டும். பின்னதற்கு 7 நாள் போதும். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். எதை எடுத்தாலும் கொசுவலையை விட்டுவிடக் கூடாது.

டிக்கெட் போடுமுன் பள்ளித் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தொடக்கப் பள்ளியில் அவர் "ம்வாலிமு ம்குவு", உயர்நிலையில் "ம்குவு வா ஷூலே". இந்த வருடம் ஆசிரியரே இல்லாமல் கிடக்கும் பாடவேளைகள் எவை என்று மட்டும் கேளுங்கள். எனக்கு வந்த பதில் ஒரே வரி: ஃபார்ம் ஒன் கணக்கு, வாரம் முழுக்க.