ஆவி, ஆத்துமா, சரீரம்: மனிதன் மூன்றா, இரண்டா, ஒன்றா?

தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளில் "ஆவி, ஆத்துமா, சரீரம்" என்ற மூன்று சொற்களும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மனிதன் மூன்று கூறுகளால் ஆனவன் என்பது அங்கே விவாதத்துக்கு அப்பாற்பட்ட செய்தியாகவே பெரும்பாலும் போதிக்கப்படுகிறது. கத்தோலிக்க மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கற்பது உடல், ஆன்மா (ஆத்துமா) என்ற இரண்டை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரைக் கேட்டால், மனிதனுக்குள் ஆத்துமா என்று தனியே ஒன்று குடியிருக்கவில்லை, முழு மனிதனே ஆத்துமா என்பார்கள். மூவரும் விரித்துவைப்பது ஒரே வேதாகமத்தைத்தான்.

மூன்றுகூறுக் கொள்கை, இருகூறுக் கொள்கை, ஒருமைக் கொள்கை என்று இவற்றை அழைக்கலாம். வசனங்களில் எத்தனை சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்ப்பதால் இந்த வழக்கு தீராது. மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் இடைப்பட்ட காலத்தில் மனிதன் என்னவாகிறான் என்ற கேள்விக்கு ஒவ்வொன்றும் தரும் விடையைக் கொண்டே அவற்றை எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சோதனையில், உடலும் ஆன்மாவும் பிரிக்கத்தக்கவை, ஆனால் சேர்ந்திருப்பதற்காகவே படைக்கப்பட்டவை என்று சொல்லும் இருகூறுக் கொள்கையே மற்ற இரண்டையும்விட உறுதியாக நிற்கிறது.

மூன்றுகூறுக் கொள்கைக்கு ஆதாரமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. "உங்கள் ஆவி ஆத்துமா சரீரம் முழுவதும்" குற்றமற்றதாய்க் காக்கப்படுவதாக என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதுகிறார் (1 தெச. 5:23). தேவனுடைய வார்த்தை "ஆத்துமாவையும் ஆவியையும், கணுக்களையும் ஊனையும்" பிரிக்கத்தக்கதாக உருவக் குத்துகிறது என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது (4:12). இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைத்தந்தை இரேனியு, நிறைவடைந்த மனிதனைச் சரீரம், ஆத்துமா, ஆவி என்ற மூன்றின் சேர்க்கையாக விவரித்தார். 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் அடிக்குறிப்புகள் இந்தப் பிரிவை ஆங்கிலம் பேசும் சுவிசேஷ சபைகளில் பரப்பின. சீனப் போதகர் வாட்ச்மேன் நீ 1928-இல் முடித்த "ஆவிக்குரிய மனிதன்" என்ற நூல் அதை ஒரு முழு வாழ்க்கை முறையாகவே வளர்த்தது. ஆத்துமா என்பது மனம், சித்தம், உணர்ச்சி. ஆவி என்பது மனச்சாட்சி, உள்ளுணர்வு, தேவனோடுள்ள ஐக்கியம் என்ற அவருடைய பகுப்பு, அவர் பெயரைக் கேள்விப்படாத தமிழ்ப் பிரசங்கிகளின் வாயிலும் இன்று வருகிறது.

இப்படி வேலைகளைப் பங்கிட்டுக் கொடுத்த இடத்தில்தான் இக்கொள்கை இடறுகிறது, ஏனென்றால் வேதாகமம் அந்தப் பங்கீட்டை மதிப்பதில்லை. தேவனோடுள்ள ஐக்கியம் ஆவியின் வேலை என்றால், மானானது நீரோடைகளை வாஞ்சித்துக் கதறுவதுபோலத் தேவனை வாஞ்சித்துக் கதறுவது ஆவியாக இருக்க வேண்டும். நாற்பத்திரண்டாம் சங்கீதத்தில் கதறுவதோ ஆத்துமா. கலக்கம் ஆத்துமாவுக்குரிய உணர்ச்சி என்றால், யோவான் 12:27-இல் "இப்பொழுது என் ஆத்துமா கலங்குகிறது" என்று சொன்ன இயேசு, அடுத்த அதிகாரத்திலேயே "ஆவியிலே கலங்கி" நிற்பது எப்படி? மரியாளின் பாடலில் ஆத்துமா கர்த்தரை மகிமைப்படுத்துகிறது, ஆவி தேவனில் களிகூருகிறது. ஒரே பொருளை இரண்டு அடிகளில் மாற்றிச் சொல்லும் எபிரெயக் கவிதை மரபு அது, இரண்டு உறுப்புகளின் தனித்தனி அறிக்கை அல்ல. மரித்தவர்களைக் குறிப்பிடும்போதும் இதே நிலைதான்: பலிபீடத்தின் கீழே யோவான் கண்டவை "ஆத்துமாக்கள்" (வெளி. 6:9), எபிரெயர் 12:23 பேசுவதோ "பூரணராக்கப்பட்ட நீதிமான்களுடைய ஆவிகள்". உடலைவிட்டுச் சென்ற ஒரே வகையினருக்கு இந்த இரண்டு பெயர்களும் தயக்கமின்றி வழங்கும்போது, இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று நிறுவுவது கடினம்.

அப்படியானால் தெசலோனிக்கேயர் வசனம்? "உன் முழு இருதயத்தோடும், உன் முழு ஆத்துமாவோடும், உன் முழு மனதோடும், உன் முழுப் பலத்தோடும்" அன்புகூர வேண்டும் என்று மாற்கு 12:30-இல் நான்கு வருகின்றன. அதைக் கொண்டு மனிதனுக்கு நான்கு கூறுகள் என்று எவரும் உபதேசம் எழுதவில்லை. இரண்டு இடங்களிலும் அழுத்தம் விழுவது "முழு" என்ற சொல்லின்மேல். எபிரெயர் வசனமும் அதே மூச்சில் "இருதயத்தின் நினைவுகளையும் யோசனைகளையும்" வகையறுப்பதைச் சொல்கிறது. நினைவும் யோசனையும் இரண்டு தனி உறுப்புகள் அல்லவே. மூன்றுகூறார் கையில் எஞ்சும் வலுவான வசனம் 1 கொரிந்தியர் 14:14 என்று எனக்குத் தோன்றுகிறது: அந்நியபாஷையில் (ஆவியின் ஏவுதலால் பேசும் அறியாத மொழியில்) விண்ணப்பம்பண்ணும்போது ஆவி விண்ணப்பம்பண்ணுகிறது, கருத்தோ, அதாவது அறிவோ, பயனற்றதாயிருக்கிறது. அங்கே உண்மையிலேயே ஒரு வேறுபாடு தெரிகிறது. ஆனால் அடுத்த வசனத்தில் பவுல் தேடும் தீர்வு கருத்தை ஒதுக்குவதில் இல்லை: ஆவியோடும் விண்ணப்பம்பண்ணுவேன், கருத்தோடும் விண்ணப்பம்பண்ணுவேன் என்கிறார்.

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. மனமும் அறிவும் ஆத்துமாவுக்கு, ஆத்துமாவோ ஆவிக்குக் கீழ்ப்பட்டது என்று பிரித்துவிட்டால், யோசித்துப் படிப்பதே "ஆத்துமாவுக்குரிய" தாழ்ந்த செயலாகிறது. உள்ளுணர்வாக வந்த எதையும் கேள்வி கேட்பது ஆவிக்குரிய குறைபாடாகிறது. மனச்சோர்வு நோயால் வாடும் விசுவாசியிடம், உன் ஆவி மீட்கப்பட்டுவிட்டது, ஆத்துமாவில்தான் கட்டு இருக்கிறது என்று சொல்லி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவைக்கும் போக்குக்கு இந்தப் பிரிவு வசதியான மொழியைத் தந்திருக்கிறது. எல்லா மூன்றுகூறாரும் அப்படிச் செய்வதில்லை. மனிதனிடம் தேவனை நோக்கித் திறக்கும் ஆழம் ஒன்று இருக்கிறது, அது வெறும் உளவியலால் அளந்துவிட முடியாதது என்று அவர்கள் வற்புறுத்துவது மதிக்கத்தக்கது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (1992) அதை மறுக்கவில்லை. ஆன்மாவை ஆவியிலிருந்து வேறுபடுத்திப் பேசும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, அதனால் ஆன்மாவுக்குள் இருமை புகுந்துவிடாது என்று அதன் 367-ஆம் பத்தி விளக்குகிறது. 869-870-இல் கூடிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் (ஆயர்களின் பொதுக்கூட்டம்), மனிதனுக்கு அறிவுள்ள ஆன்மா ஒன்றே என்று ஏற்கெனவே வரையறுத்திருந்தது.

கிறிஸ்துவின் மனிதத்தன்மையைப் பற்றிய பழைய சர்ச்சையும் இங்கே தொடர்புடையது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் ஆயர் அப்பொல்லினாரியு, கிறிஸ்துவில் மனித அறிவின் இடத்தைத் தேவனுடைய வார்த்தையே (தேவகுமாரனே) நிரப்பியது என்று போதித்தார். எடுத்துக்கொள்ளப்படாதது குணமாக்கப்படவும் இல்லை என்று நசியான்சுவின் கிரகோரி அதற்குப் பதில் எழுதினார். 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய சங்கத்தில் அந்தப் போதனை தள்ளப்பட்டது. 451-இல் கல்கெதோன் சங்கம் கிறிஸ்துவுக்கு அறிவுள்ள ஆன்மாவும் உடலும் உண்டு என்று அறிக்கையிட்டது. மனிதனைக் கூறுபோட்டு, ஒரு கூறை மட்டும் கழற்றி மாற்றலாம் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அச்சங்கங்கள் கண்கூடாகக் கண்டிருந்தன.

இனி ஒருமைக் கொள்கை. இதன் பலம் ஆதியாகமத்தில் இருக்கிறது. மண்ணினால் உருவாக்கப்பட்ட மனிதனுடைய நாசியிலே ஜீவசுவாசம் ஊதப்பட்டபோது அவன் "ஜீவாத்துமாவானான்" (2:7). ஒரு ஆத்துமாவைப் பெற்றுக்கொண்டான் என்று அங்கே எழுதப்படவில்லை. "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்" என்கிறார் எசேக்கியேல். ஆவி பிரிந்து மனிதன் மண்ணுக்குத் திரும்பும் நாளிலே "அவன் யோசனைகள் அழிந்துபோம்" என்கிறது 146-ஆம் சங்கீதம். 1955-இல் ஹார்வர்டில் பேசிய இறையியலாளர் ஆஸ்கர் குல்மன், கிரேக்கர்களுடைய ஆன்மாவின் அழியாமையையும் அப்போஸ்தலர்களுடைய உயிர்த்தெழுதலையும் எதிரெதிரே நிறுத்தினார்: சோக்ரத்தேஸ் மரணத்தை நண்பனைப்போல வரவேற்றார், இயேசுவோ கெத்செமனேயில் நடுங்கினார். மரணம் உண்மையான சத்துரு, உயிர்த்தெழுதல் உண்மையான அற்புதம் என்பதை இந்தத் தரப்பினர் மறக்கவிடுவதில்லை. நான்சி மர்பி போன்ற இறையியலாளர்கள், மூளை அறிவியலோடு பொருதாமல், ஆன்மா என்ற தனிப்பொருள் இல்லாமலே கிறிஸ்தவ நம்பிக்கையைப் பேச முடியும் என்று வாதிடுகிறார்கள்.

சிக்கல் சிலுவையருகே தொடங்குகிறது. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய் என்று மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பது இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்ட கள்வனுக்குக் கிடைத்த வாக்குறுதி. கிரேக்க மூலத்தின் பழைய பிரதிகளில் நிறுத்தற்குறிகள் இல்லாததால், "இன்றைக்கு" என்பதைச் "சொல்லுகிறேன்" என்பதோடு சேர்த்து வாசிக்கலாம் என்கிறார்கள் அட்வென்டிஸ்டுகள். இலக்கணம் இடம் கொடுக்கலாம். ஆனால் சுவிசேஷங்களில் இயேசு அடிக்கடி சொல்லும் "மெய்யாகவே சொல்லுகிறேன்" என்ற தொடரில், சொல்லும் நாளைக் குறிக்கும் சொல் வேறெங்கும் சேர்ந்து வருவதில்லை. தேகத்தைவிட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடனேகூட இருப்பது "அதிக நன்மையாயிருக்கும்" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுவதும், உணர்வற்ற தூக்கத்தை எதிர்பார்ப்பவரின் பேச்சாக ஒலிக்கவில்லை. ஆத்துமா உறங்குகிறது என்ற கருத்தை எதிர்த்துச் சீர்திருத்தத் தலைவர் கால்வின் 1534-இலேயே ஒரு நூல் எழுதினார். மரித்தோரின் ஆத்துமாக்கள் சாவதும் இல்லை, தூங்குவதும் இல்லை என்று சீர்திருத்தச் சபைகளின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை பின்னர் உறுதிசெய்தது.

வசனங்களைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் ஒருமைக் கொள்கைக்குக் காத்திருக்கிறது. மரணத்தில் மனிதன் முழுவதுமாக இல்லாமற்போகிறான் என்றால், கடைசி நாளில் எழுப்பப்படுகிறவன் அதே ஆளா, அல்லது அவனைப்போலவே புதிதாகப் படைக்கப்பட்ட இன்னொருவனா? தேவனுடைய நினைவில் அவன் காக்கப்படுகிறான் என்பது வழக்கமான பதில். நினைவில் இருக்கும் சித்திரத்தைப் பார்த்து ஒரு சிற்பி இரண்டாம் சிலையைச் செதுக்கினால், அது முதல் சிலை ஆகிவிடாது. இருவருக்கும் நடுவே தொடர்ச்சி எதுவும் இல்லாதபோது, தீர்ப்பும் பரிசும் யாரைச் சேரும் என்பதும் தெளிவற்றுப்போகிறது.

இந்த வேறுபாடுகள் வழிபாட்டிலும் தெரிகின்றன. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் மரித்தோருக்காக மன்றாடுவது, ஆன்மா வாழ்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அதே நம்பிக்கையுள்ள பிராட்டஸ்டன்டுகள் உத்தரிப்பு நிலையை (மரித்தோர் தூய்மையாக்கப்படும் இடைநிலையை) மறுப்பதால் அந்த மன்றாட்டை ஏற்பதில்லை. அட்வென்டிஸ்டுகளுக்கு அங்கே கேட்பவர் எவருமே இல்லை. இருகூறுக் கொள்கை உடலை அலட்சியம் செய்யும் என்ற பழியும் பொதுவாகப் பொருந்தாது. 1963-இல் உடலை எரிக்க அனுமதி தந்த வத்திக்கான், 2016-ஆம் ஆண்டு அறிவுறுத்தலில் சாம்பலைத் தூவுவதையும் வீட்டில் வைத்துக்கொள்வதையும் தடுத்து, புனித இடத்தில் வைக்கச் சொன்னது. உடல் வெறும் கூடு என்று நினைப்பவர்கள் சாம்பலைப் பற்றி இவ்வளவு கவலைப்பட மாட்டார்கள்.

இருகூறுக் கொள்கையின் குறை வேறொரு இடத்தில் இருக்கிறது. பிளேட்டோவின் வழியில் ஆன்மாவைச் சிறைப்பட்ட பறவையாக எண்ணும் பழக்கம் கிறிஸ்தவ ஞானப்பாட்டுகளிலும் அடக்க ஆராதனைப் பிரசங்கங்களிலும் தாராளமாகக் கலந்திருக்கிறது. அந்த வடிவத்தில் உயிர்த்தெழுதல் தேவையற்ற பின்னிணைப்பாகிவிடுகிறது. 1274-இல் மறைந்த கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அந்த வடிவத்தை ஏற்கவில்லை. ஆன்மா உடலுக்கு உருவம் தருவது, உடலின் உயிர்த்தத்துவம் என்று அவர் விளக்கினார். 1311-12-இல் வியன் சங்கமும் அந்த வரையறையையே எடுத்துக்கொண்டது. கொரிந்தியர் நிருப உரையில் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், என் ஆன்மா நான் அல்ல, ஆன்மா மட்டும் மீட்கப்பட்டால் நான் மீட்கப்பட்டவன் ஆகமாட்டேன் என்ற கருத்தை எழுதினார். அப்படியானால் இப்போது கிறிஸ்துவோடு இருப்பது யார், அந்த மனிதனா அல்லது அவனுடைய ஒரு பகுதியா என்று கேட்டால், அவருடைய சீடர்கள் இன்றும் இரண்டு அணிகளாகப் பிரிந்தே நிற்கிறார்கள்: ஒரு அணிக்கு உடலற்ற ஆன்மாவில் அந்த ஆளே குறைவுபட்ட நிலையில் தொடர்கிறார், மற்ற அணிக்கு உடல் எழும்வரை ஆன்மா மட்டுமே உண்டு, ஆள் இல்லை.