வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? பழைய டிரைவரா, நெட்வொர்க் ரீசெட்டா?

விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு மாறிய கையோடு லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி அறுந்துபோனால், முதலில் அதே வைஃபையில் இணைந்திருக்கும் போனைப் பாருங்கள். அதிலும் அறுந்தால் ரவுட்டரையோ இணைய இணைப்பையோ சந்தேகிக்கலாம். போனில் நன்றாக ஓடினால் பெரும்பாலும் லேப்டாப்பில்தான் சிக்கல்.

நான் முதலில் கை வைப்பது டிரைவரில், அதாவது லேப்டாப்பின் வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளில். சில சமயம் அப்கிரேடு புது டிரைவரைப் போட்டுவிட, அது கார்டோடு ஒத்துப்போகாமல் முரண்டு பிடிக்கும். லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, டிரைவர் பகுதியில் 'ரோல் பேக் டிரைவர்' அழுத்தினால் பழையது திரும்பிவிடும். சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு ஆபத்தில்லை. அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் இல்லை என்று பொருள்; அப்போது லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலைத் தேடி எடுக்க வேண்டும். சரி, அங்கேயே பவர் மேனேஜ்மென்ட் பகுதி தெரிந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை அணைக்க அனுமதிக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். சும்மா வைத்திருக்கும்போது மட்டும் அறுந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

நெட்வொர்க் ரீசெட் முரட்டு வைத்தியம். எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும். அமைப்புகள் குழம்பிக் கிடந்தால் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டிரைவரே சரியில்லை என்றால், திரும்பவும் அதே டிரைவர்தான் வந்து உட்காரும். வைஃபை பாஸ்வேர்டுகள் மறந்துபோகும், விபிஎன் இருந்தால் மறுபடி நிறுவ நேரலாம். அதனால் டிரைவர் வழி பலிக்காதபோது மட்டும் இதற்கு வாருங்கள், அதுவும் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வைத்த அப்புறம்.