முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சென்டினல் படங்களும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததே, அதற்குப் பிறகுதான் முத்துப்பேட்டையின் அலையாத்தி, அதாவது கடலோரச் சதுப்புநிலக் காட்டைச் செயற்கைக்கோள் படங்களில் கண்காணிக்க இறங்கினேன். சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்தது, காட்டுக்குள் படகு போகிற நிலைமை இல்லை, அலையாத்திக்கு என்ன ஆச்சோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம் என்று தெரிந்து பார்க்க ஆரம்பித்தேன், இன்றுவரை விடவில்லை. இப்போது பார்ப்பது அந்தப் படங்களைத் தருகிற கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தில்.

சாதாரண வண்ணப் படத்தை மட்டும் நம்பினால் காட்டின் உடம்பு நிலை தெரியாது. இலை உதிர்ந்த மரமும் சேறும் அதில் ஒரே பழுப்பு. செயற்கைக்கோள் ஒளியைப் பிரித்துத் தனித்தனியாகப் பதிவு செய்கிற பட்டைகளில் 8, 4, 3 மூன்றையும் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் படமாகப் பார்க்க வேண்டும். நல்ல இலை அகச்சிவப்பை நிறையத் திருப்பி அனுப்பும் என்பதால் அடர்ந்த அலையாத்தி கருஞ்சிவப்பாகத் தெரியும், இலை போன இடம் சாம்பலாகிவிடும். புயலுக்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வயிறு எரிந்தது. ஆனால் அலையாத்தி ஒடிந்த கிளையிலிருந்தும் துளிர்க்கிற மரம். அடுத்தடுத்த வருடப் படங்களில் வாய்க்கால் ஓரங்களில் சிவப்பு மெல்லத் திரும்பியதைப் பார்த்ததுதான் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம்.

அப்புறம் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீட்டெண். அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து வருகிற எண், ஒன்றை நெருங்க நெருங்க பசுமை அதிகம். எல்லோரும் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பசுமை இருந்தால் காடு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. ஒருமுறை ஜாம்புவானோடையிலிருந்து போகும்போது, படத்தில் எண் கூடியிருந்த திட்டு ஒன்றைப் படகுக்காரர் கையைக் காட்டி, "பச்சையா இருக்குன்னு அலையாத்தின்னு நெனச்சுடாதீங்க தம்பி, மழை பேஞ்சா இங்க முளைக்கிறது பூரா உமரிதான்" என்றார். உண்மைதான். உமரி உப்பு மண்ணில் முளைக்கிற சிறு செடி, முழங்கால் உயரம்கூட இல்லை; அலையாத்திக்குச் சேற்றிலிருந்து மேலே நீட்டி நிற்கிற மூச்சு வேர் ஒன்றைக்கூட அங்கே காணோம். பக்கத்திலேயே நிஜ அலையாத்தி, இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டுகிறது. உமரி வெயில் ஏறினால் சிவந்து காய்ந்துவிடும். அதனால் பிப்ரவரிப் படத்தோடு ஏப்ரல் கடைசிப் படத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன், இரண்டிலும் தாக்குப்பிடிக்கிற பசுமைதான் மரம். கரைப்பக்கம் சீமைக்கருவேலமும் கோடையில் பச்சையாகவே நிற்கும், அதைப் பிரிக்க நேரில்தான் போகணும்.

தண்ணீர் மட்டமும் ஏமாற்றும். பாமணியாற்றிலும் கோரையாற்றிலும் வெள்ளம் வந்து லகூன் (கடலோரக் காயல்) நிறைந்திருக்கும்போது எடுத்த படத்தில் இளங்கன்று நிற்கிற இடத்தின் எண் குறைந்து தெரியும், மரம் செத்துப்போனது என்று பதறக் கூடாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மேகம் வேறு. அப்போது மேகத்தை ஊடுருவிப் பார்க்கிற சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும், ஆனால் அதைப் படிக்கப் பழக்கம் வேண்டும்.

பழைய கதை தெரிய வேண்டுமென்றால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள். 30 மீட்டர் துல்லியம்தான் (படத்தின் ஒரு கட்டம் தரையில் 30 மீட்டர்), ஆனாலும் 2008 முதல் அதன் பழைய படங்களும் இலவசம். முன்பு காட்டைக் கூறு போட்டு மொட்டையடித்து வெட்டியதில் தரை காய்ந்து அமுங்கி, பள்ளத்தில் தேங்கிய கடல் தண்ணீர் வற்றி உப்பேறி, ஒன்றும் முளைக்காத பொட்டலானது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி அலைத் தண்ணீரை உள்ளே போய் வர வைத்தார்கள். அந்த முள் வடிவத்தை கூகுள் எர்த்தில் இன்றும் தெளிவாகப் பார்க்கலாம், அதன் இருபுறமும் காடு பிடித்திருப்பதையும். மண் தூர்ந்து வாய்க்கால் அடைபட்டால் பொட்டல் திரும்பிவிடும். என்னைக் கேட்டால் மரத்தைவிட வாய்க்காலைத்தான் முதலில் கண்காணிக்கணும், ஆனால் சென்டினலின் 10 மீட்டர் கட்டத்தில் கிளை வாய்க்கால் பிடிபடாது. ஐந்து நாளுக்கொரு படம் தருகிற சென்டினலில் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே மாதத்து மேகமில்லாத படத்தை எடுத்து ஒப்பிடுங்கள், மாதம் மாறினால் ஒப்பீடே கெட்டுவிடும். சந்தேகமான இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டு, வனத்துறை அனுமதியோடு படகில் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். ட்ரோன் பறக்கவிடவும் தனியாக அனுமதி வேண்டும், அது இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள்.