மானாவாரி எலும்பா, வாய்க்கால் எலும்பா?

சங்கரன்கோவில் பக்கம் மானாவாரி, அம்பாசமுத்திரம் பக்கம் வாய்க்கால் பாசனம். தென்காசி ரோட்டில் பைக்கோடு விழுந்த சித்தப்பா மகனுக்கு முழங்காலுக்குக் கீழே 8 சென்டிமீட்டர் எலும்பு போய்விட்டது. அந்த இடைவெளியை நிரப்ப டாக்டர் சொன்ன வழிகளைச் சித்தப்பாவுக்கு இப்படித்தான் விளக்கினேன். சம்சாரி, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

இடுப்பில் சுரண்டி எடுத்து வைக்கிற எலும்பு மானாவாரி. அதற்கென்று ரத்த ஓட்டம் கிடையாது, உயிரணுக்களில் முக்கால்வாசி செத்துப்போகும். பக்கத்துச் சதையிலிருந்து ரத்தக்குழாய் உள்ளே நுழைந்து, பழையதை அரித்துப் புதுசாகக் கட்டியாக வேண்டும். சின்ன இடைவெளிக்கு இதுவே போதும், செலவும் குறைவு. 5, 6 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதுவும் இவனுக்குப் போல் சுற்றிலும் தழும்பாக இருந்தால், நம்பி இறங்க முடியாது. முதலில் இடைவெளியில் எலும்புக்கான மருத்துவ சிமெண்ட் வைத்து, 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி வளரும் சவ்வுக்குள் எலும்பை நிரப்புகிற முறையும் உண்டு. அதற்கும் சதை நன்றாக இருக்கணும்.

அடுத்தது ரிங், அதாவது காலைச் சுற்றி வளையம் மாட்டிக் கம்பிகளால் எலும்போடு பிணைக்கும் இலிசரோவ் முறை. எலும்பை வேறிடத்தில் வெட்டி, ரத்த ஓட்டம் அறாமல் நாளைக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்துவது. வீட்டிலேயே ஸ்பேனரால் நான்கு வேளை, வேளைக்குக் கால் மில்லிமீட்டர். ரத்தக்குழாயைத் தைக்கிற மைக்ராஸ்கோப் வேலை வேண்டாம். ஆனால் நகர்த்தவே 80 நாள், பின்னால் வளரும் புது எலும்பு இறுக அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதுவரை கம்பி நுழைந்த இடத்தில் சீழ் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஃபிபுலா, இதுதான் வாய்க்கால் எலும்பு. நல்ல காலின் மெல்லிய எலும்பை அதன் ரத்தக்குழாயோடு எடுத்து, அடிபட்ட காலின் குழாயோடு தைப்பது. 1975இல் ஆஸ்திரேலியாவில் இயன் டெய்லர் குழு எழுதிய முறை. குழாய் சுமார் 2 மில்லிமீட்டர், நூல் மயிரிழையைவிட மெல்லிசு. எலும்பு உயிரோடு வருவதால் இரண்டு முனையும் சாதாரண முறிவுபோலக் கூடிவிடும்.

"நல்ல காலும் நொண்டிரும்லா?" என்றார் சித்தப்பா. கணுக்கால் பக்கம் 6, 7 சென்டிமீட்டரை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள் என்றேன்.

ஃபிபுலாவையே எடுத்தோம். முதல் ராத்திரி, எலும்போடு வந்த தோல்துண்டில் ஊசி குத்திப் பார்த்தார்கள். கருப்பாகக் குபுக்கென்று வந்தால் ரத்தம் திரும்பும் சிரையில் அடைப்பு, ஒன்றுமே வராவிட்டால் ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு. சிவப்பாக ஒரு சொட்டு மெதுவாக வந்தது. சித்தப்பா பீடிக்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். புகை குழாயைச் சுருக்கும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எலும்பு இன்னும் விரல் தடிமன்தான். பாரம் தாங்கத் தாங்கத் தடிக்குமாம், அதுவரை முறியும் பயம் உண்டு. வாக்கரோடுதான் நடக்கிறான்.