சர்வீஸ் கம்பெனியா, புராடக்ட் கம்பெனியா: முதல் வேலைக்கு எது?

2025 வைகாசியில் அக்கா மகள் கோவில்பட்டியிலிருந்து வந்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஆஃபர் கடிதங்களை அடுத்தடுத்து வைத்தாள். ஒன்று பதினாறு பக்கம். லட்சக்கணக்கில் ஆட்களை வைத்திருக்கும் சர்வீஸ் கம்பெனி ஒன்று அனுப்பியது. மற்றொன்று இரண்டே பக்கம். கிண்டியில் ஒரே மாடியில் அறுபது பேரோடு, மருத்துவமனைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருக்கும் சின்ன புராடக்ட் கம்பெனியின் கடிதம் அது.

"அப்பா பெரிய கம்பெனியில் சேரச் சொல்கிறார். சீனியர்கள் புராடக்டை விட்டுவிடாதே என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள் மாமா" என்றாள்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சென்னையின் ஐடி சாலையான ஓஎம்ஆரில் நான் குப்பை கொட்டத் தொடங்கி பதினேழு வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் சர்வீஸ், அடுத்த ஐந்து வருடம் புராடக்ட், அதன் பிறகு ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஜிசிசி (குளோபல் கேபபிலிட்டி சென்டர்). மூன்று கிணற்றுத் தண்ணீரையும் குடித்தாயிற்று.

வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் கம்பெனி விற்பது ஆட்களின் நேரத்தை. வெளிநாட்டு வங்கியோ கடைச் சங்கிலியோ தன் கணினி வேலையை ஒப்படைக்கும். இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று பில் போகும். புராடக்ட் கம்பெனி விற்பது தான் செய்த பொருளை. ஜோஹோவும் ஃப்ரெஷ்வொர்க்ஸும் நம் ஊரிலேயே முளைத்த உதாரணங்கள். ஜிசிசி என்பது வெளிநாட்டு நிறுவனம் வேலையை வெளியே கொடுக்காமல் இங்கே தன் சொந்த அலுவலகத்தையே திறந்துகொள்வது. காக்னிசன்ட் 1994இல் சென்னையில் தொடங்கியபோது டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் உள் அலுவலகமாகத்தான் இருந்தது. இன்றைய பேச்சில் அது ஒரு ஜிசிசி. பிறகுதான் ஊருக்கெல்லாம் வேலை செய்யும் சர்வீஸ் கம்பெனி ஆயிற்று.

இன்று இந்தியாவில் 1,700க்கும் மேற்பட்ட ஜிசிசிகள் இருக்கின்றன, சம்பளமும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் புதிதாகப் படித்து முடித்தவர்களை அவை எடுப்பது குறைவு. மூன்று, நான்கு வருடம் வேறெங்காவது பழகி வந்தவர்களைத்தான் தேடுகின்றன. ஆகவே அவள் மேசையில் ஜிசிசி கிடையாது, அது அடுத்த ஸ்டேஷன். அங்கே எந்த ரயிலில் போய்ச் சேரலாம் என்பதுதான் எங்கள் கேள்வி.

முதலில் சம்பளம். பெரிய கடிதத்தில் வருடத்துக்கு 3.6 லட்சம், சின்னக் கடிதத்தில் 4.2 லட்சம். "மாதம் ஐயாயிரம்தானே மாமா வித்தியாசம்?" என்றாள். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். 3.6 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 30,000. அதில் நிர்வாகம் கட்டும் பிஎஃப் 1,800, அவள் பங்கு 1,800. கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்ற பெயரில் ஒரு 700. காப்பீட்டுக்கு 500. பத்து சதவீதம் 'வேரியபிள்', அதாவது கம்பெனி மனது வைத்தால் கிடைக்கும் தொகை, 3,000. எல்லாம் போக, கைக்கு 22,000 சொச்சம். சின்னக் கடிதத்தில் வேரியபிள் இல்லை. கிராஜுவிட்டியையும் சம்பளத்துக்குள் திணிக்கவில்லை. அங்கே கைக்கு 31,000 வரும். ஐயாயிரம் வித்தியாசம் மேசையிலேயே ஒன்பதாயிரம் ஆனது. சோழிங்கநல்லூர்ப் பக்கம் சாப்பாட்டோடு ஒரு பிஜி அறையின் வாடகை அது.

ஆனால் அந்தப் பதினாறு பக்கத்தில் என் கண்ணை நிறுத்தியது வேறு ஒரு வரி. பெற்றோரையும் மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. அத்தானுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே தனியாகப் பாலிசி எடுத்தால், இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். சின்னக் கம்பெனியின் காப்பீடு அவளுக்கு மட்டும்தான். இந்த ஒரு வரிக்காகப் பெரிய கம்பெனியில் சேர்ந்தாலும் தவறில்லை என்று நான் சொன்னேன், இப்போதும் சொல்வேன். "முதல் வேலையில் கற்றுக்கொள், பணம் பின்னால் வரும்" என்று மேடையில் முழங்குகிறவர்களின் வீட்டில் யாருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்காது போலிருக்கிறது.

இனி வேலை. எனக்குச் சொல்ல அதிகம் இருப்பது இங்கேதான்.

நான் 2008 ஆகஸ்டில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தேன். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க வங்கி திவாலானது. எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவின் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் அமெரிக்க வங்கிகள் என்று பிறகுதான் தெரிந்தது. நான்கு மாதம் பெஞ்சில், அதாவது எந்தப் புராஜெக்டும் இல்லாமல் உட்கார்ந்தேன். காலையில் அட்டையைத் தேய்த்து உள்ளே போவது, உணவுக்கூடத்தில் மூன்று டீ, மாலையில் பஸ். எந்தப் புராஜெக்டுக்கு யார் என்பதை முடிவு செய்ய ஒரு தனிப் பிரிவு உண்டு. அவர்களுடைய பட்டியலில் மனிதர்களுக்குப் பெயர் 'ரிசோர்ஸ்'. ஜாவா நிரல்மொழி படித்திருந்தேன். ஆனால் இடம் காலியாக இருந்ததோ ஒரு கடைச் சங்கிலியின் இரவு நேர சப்போர்ட் வேலையில். அங்கே போட்டார்கள்.

பின்னிரவு இரண்டேகாலுக்கு அந்தக் கடைகளின் விற்பனைக் கணக்கைத் திரட்டும் ஒரு நிரல் ஓடும். வாரத்தில் இரண்டு நாள் நின்றுவிடும். திரையில் டிக்கெட், அதாவது கோளாறுக் குறிப்பு வரும். கையேட்டின் 14ஆம் பக்கத்தில் 'மறுபடி ஓட்டவும். மூன்று முறை நின்றால் இந்த எண்ணை அழைக்கவும்' என்று இருக்கும். ஓட்டுவேன். ஓடிவிடும். டிக்கெட்டை மூடுவேன். பதினான்கு மாதம் இதையே செய்தேன். ஒருநாள், அது ஏன் நிற்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டேன். "காரணம் தேடிக்கொண்டிருந்தால் டிக்கெட் மூட வேண்டிய நேரம் தாண்டிவிடும், தம்பி" என்றார் குழுத் தலைவர். அவர் பேரில் பிழையில்லை. அவருடைய வாடிக்கையாளர் காசு கொடுத்தது நேரத்தில் மூடுவதற்குத்தான்.

இதையே எல்லாருடைய கதையாகவும் சொல்லிவிட முடியாது. என்னோடு அதே நாளில் சேர்ந்த நண்பனை ஒரு விமான நிறுவனத்தின் முன்பதிவு அமைப்பைப் புதிதாக எழுதும் புராஜெக்டில் போட்டார்கள். இரண்டே வருடத்தில் அவன் எங்கேயோ போய்விட்டான். ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், ஒரே பஸ். சர்வீஸில் உன் முதல் இரண்டு வருடத்தை நிர்ணயிப்பது கம்பெனி அல்ல, புராஜெக்ட். அதை நீ தேர்ந்தெடுக்கவும் முடியாது.

புராடக்ட் கம்பெனிக்குப் போனபோது எனக்கு வயது இருபத்தெட்டு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. எங்கள் மென்பொருளில் வரியைக் கணக்கிடும் பகுதியை நான் எழுதியிருந்தேன். நான்காவது நாள் திருப்பூரிலிருந்து ஒரு வியாபாரி கூப்பிட்டார். "தம்பி, 102 ரூபாய் 50 காசுக்குப் பதினெட்டு சதவீதம் எவ்வளவு?" 18.45 என்றேன். "உங்கள் பில்லில் 18.46 என்று வருகிறதே?" மத்திய வரி 9 சதவீதம், மாநில வரி 9 சதவீதம், இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் 9.225. ஒவ்வொன்றையும் நான் 9.23 ஆக்கிக் கூட்டியிருந்தேன். ஒரு காசு. அந்த ஒரு காசு ஏன் வருகிறது என்று அவருக்கும் அவருடைய ஆடிட்டருக்கும் தொலைபேசியில் முக்கால் மணி நேரம் விளக்கினேன். எழுதியவனே பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆறு வருட சர்வீஸில் நான் கற்றுக்கொள்ளாத ஒன்று அந்த முக்கால் மணி நேரத்தில் புரிந்தது: நான் எழுதும் நிரல் வரியின் மறுமுனையில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

புராடக்டின் அழுக்கையும் சொல்ல வேண்டும். அதே இடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சக ஊழியர் ஒருவர் சோதனைக் கணினி என்று நினைத்து ஒரு வாடிக்கையாளரின் விலைப்பட்டியல் முழுவதையும் அழித்துவிட்டார். காப்புப் பிரதி எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். அதைத் திரும்ப ஏற்ற முடியுமா என்று யாரும் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. ஞாயிறு இரவு வரை வீட்டுக்குப் போகவில்லை. சர்வீஸில் இப்படி நடந்திருக்காது. மூன்று பேர் ஒப்புதல் இல்லாமல் அங்கே ஓடும் கணினியைத் தொடவே முடியாது. அந்த ஒழுங்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் கையில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்று: சின்ன புராடக்ட் கம்பெனிகள் பலவற்றில் எல்லாமே சொந்தக் கைவண்ணம். மூன்று வருடம் அங்கே ராஜாவாக இருந்துவிட்டு நேர்முகத்துக்குப் போனால், எல்லாரும் பயன்படுத்தும் கருவியின் பெயரைக் கேட்பார்கள், விழிக்க வேண்டும்.

வேலை நிலைக்குமா என்பது அத்தானின் கேள்வி. "பெரிய கம்பெனி அரசு உத்தியோகம் மாதிரி" என்பது அவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை 2000களில் ஓரளவு உண்மையாகவே இருந்தது. அவள் வந்துபோன இரண்டு மாதத்தில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு மட்டத்திலும் மேல் மட்டத்திலும். மறுபக்கம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானபோது ஊழியர்கள் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர் ஆனதை ஊரே பேசியது. 2024 நவம்பரில் அதே நிறுவனம், வருவாய் கூடிக்கொண்டிருந்தபோதே 13 சதவீதம் பேரை அனுப்பியது. ஃபோர்டு 2022இல் மறைமலைநகர்த் தொழிற்சாலையை நிறுத்தியது. சோழிங்கநல்லூரில் அதே ஃபோர்டுக்காகக் கணினி முன் உட்கார்ந்திருந்தவர்களின் அலுவலகம் நடந்துகொண்டுதான் இருந்தது. இதில் எந்த விதியும் எனக்குத் தெரியவில்லை. சர்வீஸைப் பற்றி ஒரு கவலை மட்டும் உண்டு: கீழே நிறையப் புதியவர்கள், மேலே கொஞ்சம் அனுபவசாலிகள் என்ற கோபுர அமைப்பில்தான் அதன் லாபம். நான் பதினான்கு மாதம் செய்த வேலையை இன்று செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் செய்துவிடும்.

கடிதங்களின் பொடி எழுத்துக்கு வந்தோம். பெரிய கடிதத்தில் நோட்டீஸ் காலம் 90 நாள். அவ்வளவு காத்திருக்க அடுத்த கம்பெனி எப்போதும் தயாராக இருக்காது. சேரும் தேதி, 'வணிகத் தேவையைப் பொறுத்து' என்று மட்டும். 2022இல் படித்து முடித்த பலர் இப்படிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தது செய்தியாகவே வந்தது. சின்னக் கடிதம் இதில் ஒன்றும் சளைத்ததல்ல: அசல் சான்றிதழ்களை இரண்டு வருடம் ஒப்படைக்க வேண்டுமாம். "இந்த வரியை எடுத்தால்தான் சேருவேன் என்று சொல். எடுக்காவிட்டால் அந்தப் பக்கமே போகாதே" என்றேன். தயங்கினாள். மறுநாள் காலை என் எதிரிலேயே பேசினாள். குரல் நடுங்கியது, ஆனால் பேசினாள். மாலைக்குள் அந்த வரி இல்லாத புதுக் கடிதம் வந்தது.

பெயரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கல்யாணத் தரகரிடம் சொன்னால் புரியும் பெயர் ஒன்று, சொன்னால் "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்கும் பெயர் மற்றொன்று. அக்காவுக்கு அது பெரிய விஷயம்தான்.

என் தீர்ப்பு: உறுதியான புராஜெக்டும் தேதியும் கையில் இல்லாத சர்வீஸ் வேலையைவிட, எழுதியவளே பதில் சொல்லும் சின்ன இடம் மேல். மூன்று வருடம், அதற்கு மேல் வேண்டாம். காப்பீடு மட்டும்தான் என் கையைப் பிடித்தது. அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள்: அண்ணன் ஓசூரில் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க இடம் இருந்திருக்கிறது, இத்தனை நாள் யாரும் விசாரிக்கவில்லை.

ஆகஸ்டில் கிண்டியில் சேர்ந்தாள். செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தின வாரம் ஒரு ராத்திரி பத்து மணிக்கு அழைத்தாள். பின்னால் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், அலுவலகத்தில்தான் இருந்தாள்.

"மாமா, 20ஆம் தேதி வாங்கின மாத்திரையை 25ஆம் தேதி திருப்பிக் கொடுத்தால் எந்த வரியைக் கழிக்க வேண்டும்?"

"பழைய பில்லில் இருக்கிற வரியை. பன்னிரண்டு."

"அப்படித்தான் எழுதியிருக்கிறேன். சரிதானா என்று கேட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.