மாவுப்பூச்சிக்கு ஏப்ஃப்ளையா, பொறிவண்டா?

செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தால் தின்று தீர்க்க இரண்டு பேர் உண்டு. ஒருவர் ஏப்ஃப்ளை, அறிவியல் பெயர் ஸ்பால்கிஸ் எபியஸ். சாம்பல் பழுப்பில் சின்ன வண்ணத்துப்பூச்சி, பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. அதன் புழு இலையைத் தொடாது. மாவுப்பூச்சியையும் முட்டைகளையும்தான் தின்னும். அந்த வெள்ளை மாவையே முதுகில் பூசிக்கொண்டு கும்பலுக்குள் கிடக்கும். பஞ்சு போன்ற ஒரு கட்டி மெல்ல நகர்ந்தால் அதுதான். கூட்டுப்புழுவைப் பார்த்தால் அசல் குரங்கு மூஞ்சி! ஆங்கிலத்தில் ‘ஏப்’ என்றால் குரங்கு, பெயரும் அதனால்தான்.

இன்னொருவர் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. ஆஸ்திரேலியாக்காரர், 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கருப்பு உடம்பு, ஆரஞ்சுத் தலை. இதன் புழுவும் வெள்ளை மெழுகோடுதான் திரியும். மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடாதீர்கள்.

வண்டு வளர்ந்த பிறகும் வேட்டையாடும், ஆய்வகத்தில் வளர்த்து விற்கவும் செய்கிறார்கள். தோப்புக்கு வண்டுதான் சரி. ஏப்ஃப்ளையோ புழுப் பருவத்தில் மட்டும்தான் வேட்டை, அதுவும் தானாக வந்தால்தான் உண்டு. வீட்டுத் தொட்டிச் செடி என்றால் மருந்து அடிக்காமல் அதற்காகக் கொஞ்சம் காத்திருப்பேன், அந்தக் குரங்கு மூஞ்சிக்காகவாவது.