அப்பாவின் கையெழுத்து டாட்டூ: சில வருடங்களுக்குப் பிறகு

என் இடது முன்கையில் ‘கண்ணன்’ என்று இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. என் பள்ளி ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பக் கட்டத்தில் அவர் போட்டதை ஸ்டென்சில் எடுத்துக் குத்தியது. கருப்பு மை மட்டும்.

மை விஷயத்தில் புகார் இல்லை. ஆனால் தமிழ் எழுத்துக்கென்று ஒரு தொல்லை உண்டு: சுழி. சின்னதாகக் குத்தினால் மூன்று சுழி ‘ண’ அடைத்துக்கொள்ளும் என்று குத்தியவரே சொல்லி, ரேங்க் கார்டில் இருந்ததைவிடப் பெரிதாக்கினார். அப்படியும் இப்போது உற்றுப் பார்த்தால் சுழிகளுக்குள் இடம் சுருங்கியிருக்கிறது. ‘ன்’ மேலுள்ள புள்ளி எழுத்தைத் தொட்டுவிட்டது. கருப்பிலும் லேசாகப் பச்சை ஓடுகிறது. தோலுக்கடியில் மையை விழுங்கி வைத்திருக்கும் செல் சாகும்போது அதை வெளியே விட, பக்கத்து செல் விழுங்கிக்கொள்கிறதாம். மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். மை போகாமல் நிற்பது அதனால்தான்.

ரத்ததானம் செய்பவர்கள் குத்திய தேதியைக் குறித்து வையுங்கள். இந்தியாவில் 12 மாதம் கழித்துத்தான் எடுப்பார்கள்.

அடுத்தது, அர்த்தம். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது காதலன் பெயர், மீதிப் பேருக்குக் கிருஷ்ண பகவான். கோயில் வரிசையில் ஒரு மாமி தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதலில் எல்லாரிடமும் விளக்கிக்கொண்டிருந்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அலுவலகத்தில் ஒரு தோழியின் மணிக்கட்டில் அரைப்புள்ளி (;) இருக்கிறது. வாழ்க்கையை முடித்துக்கொள்ள நினைத்து, முடிக்காமல் தொடர்ந்தவர்களுக்காக அமெரிக்காவில் ஏமி ப்ளூயல் 2013-இல் தொடங்கிய இயக்கத்தின் குறி அது. தெரிந்தவர்கள் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. தெரியாதவர்களிடம் “கம்ப்யூட்டர் கோடிங்” என்று சொல்லிவிடுவாள்.

அப்பத்தாவின் கையில் குறத்தி குத்திய கோலப் பச்சை உண்டு. அகத்திக்கீரையும் மஞ்சளும் எரித்த கரியில் குத்தியது. போகும்போது கூட வருவது அது ஒன்றுதான் என்பார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கா அம்புட்டுக் காசு?” என்றார். அப்பா கேட்டது வேறு: “இனிஷியல் எங்கே?”

இப்போது அப்பாவுக்குக் கை நடுக்கம். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் காசோலையைத் திருப்பிவிட்டார்கள். அவர் கவுன்ட்டரில் என் கையைப் பிடித்து இழுத்து நீட்டி, “இதுதான் சார் என் கையெழுத்து” என்றார். அந்த ஊழியர் சிரிக்கக்கூட இல்லை, புதிய மாதிரிக் கையெழுத்துக்குப் படிவம் எடுத்துக் கொடுத்தார். பாசத்தில் குத்திக்கொண்டதுதான். இப்படியும் ஒரு வேலை அதற்கு வரும் என்று அன்று தோன்றவே இல்லை.

டச்-அப் செய்யச் சொல்கிறார்கள். மேலே மறுபடி ஊசி ஓட்டினால் அது குத்துகிறவரின் கையெழுத்தாகிவிடும். வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் தடவுகிறேன், அவ்வளவுதான்.